கல்முனைக் கரையில் கலையை வளர்ப்பது யார்?

2025 மே 6 அன்று இலங்கையில் 339 உள்ளூராட்சி சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது. கல்முனை மாநகர சபை அந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்றத்தில் இருந்த வழக்கு அதை ஒதுக்கி வைத்திருந்தது. அதற்கு மேலே இருக்கும் கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2017 செப்டெம்பரிலேயே முடிந்திருந்தது. அதன் பிறகு மாகாணத்தின் கலாசாரப் பணியும் மற்றப் பணிகளைப் போலவே ஆளுநரின் கீழ்தான் ஓடியது. மண்டபம் வேண்டும், நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும், விழாவுக்குச் சிறு தொகை வேண்டும் என்று ஊரவர் போய்த் தட்டக்கூடிய இரண்டு கதவுகளுக்குப் பின்னாலும் அவர்கள் வாக்களித்து அனுப்பிய எவரும் அன்று இல்லை.

அதற்காகக் கரையோரத்தில் எதுவும் நின்றுவிடவில்லை. மருதமுனையில் நூல்கள் வெளியாகின்றன. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பேரில் கொடி ஏறுகிறது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை பதினெட்டு நாள் சடங்காக நடந்து தீமிதிப்பில் முடிகிறது. இவை எதையும் திணைக்களம் தொடக்கிவைக்கவில்லை. திணைக்களம் வருவதற்கு முன்பே இவற்றுக்குச் சங்கமும் பள்ளிவாசல் மரைக்காயர் சபையும் கோயில் வண்ணக்கரும் கூத்தும் ஆட்டமும் பழக்கும் அண்ணாவியாரும் இருந்தார்கள்.

“உள்ளூர் அமைப்புகளுடன் இணைந்து பிரதேசக் கலைகளை மேம்படுத்துதல்” என்ற வாசகம் இன்று அநேகமாக எல்லாத் திட்ட வரைவுகளிலும் இருக்கிறது. அமைச்சும் எழுதுகிறது, பல்கலைக்கழகமும் எழுதுகிறது, தொண்டு நிறுவனங்களும் எழுதுகின்றன. கேட்க வேண்டியது வேறு. இணைந்தவர்களில் யார் முன்னால் நடக்கிறார், யார் கதிரை அடுக்குகிறார்? கல்முனையைச் சூழ்ந்த ஊர்களின் அறுபது ஆண்டு அனுபவம் இந்தக் கேள்விக்கு நல்ல விடை வைத்திருக்கிறது. அதில் சில கசப்பான பக்கங்களும் உண்டு.

முதலில் அரசின் ஏற்பாட்டைப் பார்க்கலாம். பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். அவரைச் சுற்றிக் கலாசாரப் பேரவை ஒன்று இயங்குகிறது. பேரவையின் ஆண்டு, பிரதேச இலக்கிய விழாவை நோக்கி ஓடுகிறது. மாணவர் போட்டிகள், கவியரங்கு, மூத்த கலைஞருக்குப் பொன்னாடை, ஒரு சிறப்பு மலர். அதற்கு மேல் மாகாணத்தின் வித்தகர் விருது, அதற்கும் மேல் கொழும்பின் கலாபூஷணம். இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது எளிது, பலர் செய்கிறார்கள். ஆனால் மலர்களைத் தூக்கி எறிந்துவிட முடியாது. சிற்றூர் ஒன்றின் குடிவழி, பழைய புலவர்களின் பெயர்கள், மறைந்துபோன விளையாட்டுகள் என்று வேறெங்கும் அச்சேறாத செய்திகள் பல அவற்றில்தான் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் அநேகமாக ஊர் ஆசிரியர்களே. கல்லச்சுப் போல மாறாத வாழ்த்துச் செய்திகளைப் புரட்டிக் கடந்தால் உள்ளே சரக்கு இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் குறை அது விழாவோடு முடிந்துவிடுவதுதான். பணம் நிகழ்வுக்கு வருகிறது, பயிற்சிக்கு வருவதில்லை. பொல்லடி என்ற கோலாட்டத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் பத்துப் பதினைந்து இளைஞரை ஆறு மாதம் வைத்துப் பழக்க வேண்டுமானால் அதற்குத் தலைப்பு எந்தப் படிவத்திலும் கிடையாது. விழா நாளன்று பொல்லடிக் குழு தேவைப்படும். பிரமுகர் வரும் பாதையில் அது முன்னால் ஆடிச் செல்லும். அந்த இளைஞர்கள் எங்கே பழகினார்கள், யார் செலவில் பழகினார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1960களில் நிலைமை இப்படி இருக்கவில்லை. பெரிய நீலாவணையைச் சேர்ந்த ஆசிரியர் கே. சின்னத்துரை, இலக்கிய உலகுக்கு நீலாவணன், அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் கல்முனையில் எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார். அதில் கூடியவர்களை இன்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: மருதமுனையின் மருதூர்க்கொத்தன், கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான், பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே விறாந்தையில் உட்கார்ந்து ஒருவர் கவிதையை மற்றவர் வெட்டித் திருத்தினார்கள். கவியரங்குகள் நடந்தன, நீலாவணனின் ‘மழைக்கை’ பாநாடகமாக மேடையேறியது. 1967இல் அவர் ‘பாடும்மீன்’ இதழைத் தொடங்கினார். 1969இல் நுஃமான் ‘கவிஞன்’ இதழைக் கொண்டுவந்தார். இரண்டுமே நீண்ட ஆயுள் பெறவில்லை. ஆனாலும் 1984இல் சென்னை க்ரியா ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ தொகுப்பை வெளியிட்டபோது அந்தப் பதினொருவரில் மூவர் இந்தச் சில மைல் கரையைச் சேர்ந்தவர்கள்.

இந்தச் சங்கத்துக்கு அலுவலகம் கிடையாது, நிதியாளர் கிடையாது. உறுப்பினர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். மாதச் சம்பளம்தான் அதன் மூலதனம். நுஃமானும் நண்பர்களும் நடத்திய வாசகர் சங்கமும் அதே வகை. மஹாகவியின் ‘கோடை’யும் ‘ஒரு சாதாரண மனிதனது சரித்திரம்’ நூலும் அதன் வெளியீடுகளாகத்தான் வந்தன. 1981இல் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ வந்ததும் அங்கிருந்தே. யாழ்ப்பாணத்து அளவெட்டிக் கவிஞரான மஹாகவியை அச்சேற்றியது கல்முனையின் வாசகர் வட்டம் என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். ‘பிரதேச அமைப்பு’ என்றதும் தன் ஊரைத் தாண்டாத ஒன்று என்று கற்பனை செய்துகொள்ளும் பழக்கம் தலைநகரங்களுக்கு உண்டு. இந்த வட்டத்தின் கண் பலஸ்தீனம் வரை போயிருந்தது.

மருதமுனை இன்னொரு படி முன்னே போனது. 1966இல் அந்த நெசவாளர் ஊர் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு ஒன்றை நடத்தியது. தமிழகத்தில் இத்தகைய மாநாடு திருச்சியில் கூடியது 1973இல்தான். புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் போன்றவர்களின் நீண்ட உழைப்பால் வளர்ந்த இலக்கியச் சூழல் அந்த ஊருக்கு இருந்தது. மாநாட்டை அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டுமென்று கொழும்பு தீர்மானிக்கவில்லை.

அரசும் ஊரும் உண்மையாகவே சேர்ந்து உழைத்த நேரமும் அதே காலத்தில் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவரானபின் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஊரூராகப் போனார். கூத்துப் போட்டிகள் வைத்தார். அண்ணாவிமாரைக் கூட்டிப் பேசவைத்தார். ஏட்டில் கிடந்த நாடகங்களைப் பதிப்பித்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என்று மேடையேற்றியபோது ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகம் கிராமத்து ஆசானிடம் மாணவனாக நின்ற அரிய தருணம் அது. மன்னாரில் ‘என்றீக் எம்பரதோர்’ போன்ற நாடகங்கள் அச்சேற அந்த மாவட்டத்து அமைப்புகள் தோள்கொடுத்தன.

ஆனால் அந்த மீட்புப் பணியின் நடுவில் நின்றது கூத்து. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஊர்களின் பொல்லடியும் சீனடியும் சிலம்பமும் பக்கீர்மாரின் பைத்தும் அந்த வெளிச்சத்தின் விளிம்பில்தான் இருந்தன. அவற்றைத் தேடித் தொகுக்கும் வேலையை ஊர்க்காரர்களே தலையில் ஏற்றுக்கொண்டார்கள். நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் வழக்குக் கட்டுகளுக்கு நடுவே நாட்டார் பாடல்களையும் பழமொழிகளையும் சேர்த்து நூல் நூலாக்கினார். சாய்ந்தமருதைச் சேர்ந்த எஸ்.எச்.எம். ஜெமீல் அரச நிருவாகத்தில் உயர் பதவிகள் வகித்தவர். முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கு விவரப்பட்டியல் தயாரித்ததோடு கிராமத்துக் கவிகளையும் தேடி எடுத்தார். இரண்டு தனிமனிதர்கள் செய்தது ஒரு நிறுவனம் செய்திருக்க வேண்டிய வேலை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இந்தக் கலைகளுக்கான ‘உள்ளூர் அமைப்பு’ எது? கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு நாள் கந்தூரி. பக்கீர்மார் றபான் தட்டிப் பைத்துச் சொல்வார்கள், றிபாய் றாத்தீபு நடக்கும். தமிழ்ச் சனமும் நேர்ச்சையோடு வரும். அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் இந்தக் கரையில் ஆய்வு செய்தவர். அவர் எழுத்தில் இந்தக் கொடியேற்றத்துக்கு இடமுண்டு. வெளியிலிருந்து வரும் கலை நிறுவனத்துக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது என்று தோன்றும். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளில் வலுப்பெற்ற சீர்திருத்த மார்க்கச் சிந்தனை கந்தூரியையும் றாத்தீபையும் ஏற்பதில்லை. ஒரே குடும்பத்தில் வாப்பா கொடியேற்றத்துக்குப் போவார், மகன் போகமாட்டான். இந்த விவாதம் ஊருக்குள்ளே நடப்பது, ஊருக்கே சொந்தமானது. நன்கொடையோடு வருபவர் ஒரு தரப்பைப் ‘பங்காளி’ ஆக்கினால், தெரிந்தோ தெரியாமலோ அந்த விவாதத்தில் கட்சி சேர்ந்துவிடுகிறார். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையோடு ஒப்பந்தம் போட்டுவிட்டால் ஊர் முழுவதும் சம்மதித்துவிட்டது என்று நினைப்பதைப் போன்ற பிழை வேறில்லை.

இனப் பிரிவும் அப்படித்தான். 1985லும் 1990லும் இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே ஓடிய இரத்தம் நீலாவணனின் விறாந்தையை இரண்டாகப் பிளந்தது. சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’, உமா வரதராஜனின் ‘உள்மன யாத்திரை’, சண்முகம் சிவலிங்கத்தின் ‘நீர்வளையங்கள்’ மூன்றும் 1988இல் வெளிவந்தவை. ஒரே நகரையும் அதன் அயலையும் சேர்ந்த மூன்று எழுத்தாளர்கள், ஒரே ஆண்டு. அந்த அளவு படைப்பு வளம் இருந்தும், இரண்டு சமூகமும் சேர்ந்து நடத்தும் அமைப்பொன்றைப் பழையபடி கட்டியெழுப்புவது கடினமாகிப்போனது. இன்று கல்முனைக்குப் பிரதேச செயலகமும் உண்டு, வடக்குக்கென்று உப செயலகமும் உண்டு. அதைத் தரமுயர்த்துவது பற்றிய சண்டை 2019இல் உண்ணாவிரதம் வரை போனது. சாய்ந்தமருது தனக்குத் தனிச் சபை கேட்டது. 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்தது, வந்த சூட்டோடு நிறுத்தப்பட்டது. எல்லைக்கோடு இப்படி ஆடும் இடத்தில் ‘பிரதேசக் கலை’ என்று எழுதும்போது எந்தப் பிரதேசம் என்ற கேள்வி உடனே எழுகிறது.

பிறகு கடல் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை. இறந்தவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரைகளில் வீடுகளோடு கையெழுத்துப் பிரதிகளும் தறிகளும் போயின. தொண்டு நிறுவனங்கள் வந்தன, அவற்றோடு உளவளத் துணை நாடகங்களும் ஓவியப் பட்டறைகளும் வந்தன. பயன் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ‘உள்ளூர்ப் பங்காளி’ என்பவர் பெரும்பாலும் பெயர்ப்பட்டியல் எடுத்து, மண்டபம் பிடித்து, பற்றுச்சீட்டு ஒப்படைப்பவராகவே இருந்தார். கதையும் வடிவமும் காலக்கெடுவும் வெளியிலிருந்து தீர்மானமாகி வந்தன. திட்டம் முடிந்த மாதமே பல குழுக்கள் கலைந்தன. பணத்துக்காகப் பதிவுசெய்யப்பட்ட சங்கங்கள் பணத்தோடு மறைவதில் ஆச்சரியம் என்ன?

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில், வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குள், வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் கூத்து மீளுருவாக்கத்தில் இறங்கினார்கள். ஆய்வாளர் குறிப்பெடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடும் முறையை அவர்கள் விலக்கினார்கள். அண்ணாவியார், கூத்தர், ஊர்ப் பெரியவர், பெண்கள் எல்லாரும் உட்கார்ந்து பிரதியைப் பேசினார்கள்: பெண் பாத்திரங்கள் இப்படித்தான் பேச வேண்டுமா, சாதியைக் குறிக்கும் இந்த வரி இருக்கத்தான் வேண்டுமா? மாற்றுவதா விடுவதா என்று களரியின் சொந்தக்காரர்களே தீர்மானித்தார்கள். இதோடு எல்லாருக்கும் உடன்பாடு இருக்கவில்லை. கூத்தைச் செம்மைப்படுத்தி நவீன மேடைக்குக் கொண்டுவரும் பேராசிரியர் சி. மௌனகுருவின் வழியோடு இதை ஒப்பிட்டு மட்டக்களப்பில் நடந்த வாதம் காரசாரமானது. அப்படி வாதம் நடந்ததே அங்கே கலை உயிரோடிருந்ததற்குச் சான்று.

தமிழகத்தில் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கும் கட்டைக்கூத்துச் சங்கமும் ஒப்பிடத் தக்கது. பெ. ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞரும் ஹன்னே டி ப்ரூய்ன் என்ற டச்சு ஆய்வாளரும் சேர்ந்து 1990இல் கலைஞர்களின் சங்கமாக அதைக் கட்டினார்கள். 2002இல் தொடங்கிய குருகுலம் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் பயின்றார்கள். 2020இல் குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததைச் சாதனை என்றும் சொல்லலாம், நிலையான வருவாய் இல்லாத அமைப்பு எத்தனை நல்லதானாலும் எவ்வளவு தூரம்தான் போகும் என்றும் கேட்கலாம். இங்கிலாந்துக் கலைக்கழகம் 2013 அளவில் தொடங்கிய திட்டமொன்று இந்தக் கேள்வியை வேறு வழியில் அணுகியது. கலைப் பக்கம் அதிகம் வராத மக்கள் வாழும் 21 இடங்களைத் தேர்ந்து, உள்ளூர் அமைப்புகள் கூட்டாக வந்தால்தான் பணம் என்றது. ஓராண்டு விழாவுக்கல்லாமல் பல ஆண்டுகளுக்கு அதைக் கொடுத்தது. வீடமைப்புச் சங்கங்கள்கூட அந்தக் கூட்டுகளில் இடம்பெற்றன.

கல்முனையில் அத்தகைய கூட்டில் யார் யார் இருக்கலாம்? நெசவாளர்களிடமிருந்து தொடங்குவது நல்லது. மருதமுனைச் சாரனும் சேலையும் நாடறிந்தவை. அவற்றைக் கைத்தொழில் அமைச்சின் கணக்கில் போட்டுவிட்டுக் கலையின் கணக்கிலிருந்து கழித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. இந்தக் கரையின் பன்பாய் இழைக்கும் பெண்களும் கைத்தறி நெசவாளரும் அதே தரத்தில் பேசப்பட வேண்டியவர்கள். அந்தப் பட்டியலுக்கு அடிப்படையான, இலங்கை 2008இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 15ஆம் பிரிவு, மரபைச் சுமக்கும் சமூகங்களை இயன்றவரை விரிவாகப் பங்கேற்கச் செய்ய அரசுகள் முயல வேண்டும் என்கிறது. அந்தப் பட்டியலுக்கு விண்ணப்பம் எழுதக் கொழும்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மொழித்துறையும் ஒரு நெசவாளர் கூட்டுறவும் சேர்ந்தாலே முதல் வரைவு தயாராகிவிடும்.

பெண்கள் இன்னொரு இடைவெளி. தாலாட்டு, குரவை, கவி என்று தொகுதிகளில் அச்சாகியிருப்பவற்றில் கணிசமானவை பெண்களின் வாயிலிருந்து வந்தவை. பேரவைக் கூட்டத்தின் படத்தைப் பார்த்தால் அவர்கள் கடைசி வரிசையில் இருப்பார்கள், அல்லது இருக்கவே மாட்டார்கள். உள்ளூர் அமைப்பு என்றால் தன்னாலே சனநாயகமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தப் படமே பதில். தலைவர் ஒருவரே இருபது ஆண்டாகத் தலைவராகவும், சங்கத்தின் முகவரி அவர் வீட்டு முகவரியாகவும் இருக்கும் அமைப்புகளும் இந்தக் கரையில் இல்லாமலில்லை. பணம் கொடுப்பவர் கணக்கைக் கேட்பதோடு யார் யார் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார்கள் என்றும் கேட்கலாம், அது தலையிடுவதாகாது.

செலவைப் பார்த்தால் பெரிய தொகை எதுவும் தேவையில்லை. இரண்டு மூன்று அண்ணாவிமாருக்கு மாதாந்தக் கொடுப்பனவு, பாடசாலை முடிந்தபின் பழகுவதற்கு ஒரு மண்டபம், சீலாமுனையைப் போல் ஊரோடு உட்கார்ந்து பேசக்கூடிய ஒருவர், மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத உறுதி. பதிவுகளுக்கான வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் வைத்திருக்கிறது. முஸ்லிம்களுக்கென்று தனி ஆவணகமும் அதில் உண்டு. அச்சானவை மெல்ல மெல்ல அங்கே சேர்ந்துவருகின்றன. குரல்கள் சேர்வதுதான் குறைவு: சாய்ந்தமருதில் குரவை போடத் தெரிந்த மூத்தம்மாவின் குரல், நிந்தவூரில் பொல்லடிக்குத் தாளம் சொல்லும் அண்ணாவியாரின் குரல். ஒலிப்பதிவுக் கருவி இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. பதிவு யாருக்குச் சொந்தம், பாடியவருக்கு என்ன கொடுப்பது, பிரதி ஊர் நூலகத்தில் இருக்குமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். அந்தத் தாளை எழுதும் மேசையில் கலாசார உத்தியோகத்தரோடு பாடுபவர்களும் உட்காரவில்லையென்றால், வரப்போவது இன்னொரு சிறப்பு மலர்தான்.